அரசன் தும்மாத பூ

கேளுங்கள் பிள்ளைகளே! யானைக்கு விசிறி வீச ஆள் வைத்திருந்த காலம் அது. வில்லவராயன் என்னும் அரசன் மலர்க்கோட்டையை ஆண்டு வந்தான். அவனுடைய தோட்டத்தை இருபது வருடமாகப் பேணி வந்தவள் சிலம்பாயி.

ஒருநாள் அரசன், "எப்போது பார்த்தாலும் தோட்டம் வெறும் பச்சை! எனக்குப் பூ வேண்டும். மூன்று தடவை செடி நட்டுக் காட்டு. மூன்றும் தோற்றால் இந்த இடம் யானைக் கொட்டில்!" என்றான்.

பாகன் கொம்பையன் அன்றே யானையை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "அக்கா, கிணற்றடியைப் பெருக்கி வை. நம்ம பையன் அங்கேதான் படுப்பான்!"

"போடா! உன் பையன் குறட்டை விடவா நான் தண்ணீர் ஊற்றினேன்?" என்றாள் சிலம்பாயி. ஆனாலும் அன்றே மண்வெட்டியைத் தூக்கினாள்.

முதலில் இரவில் மலரும் பவளமல்லி. விடியலில் வேலைக்கு வரும் அவளுக்கு அதைவிட அழகு வேறில்லை. பூத்த செடிகளை மண்ணோடு பெயர்த்து வந்து நட்டாள். உச்சிவேளையில் அரசன் கொட்டாவியோடு வந்தான். பூவெல்லாம் உதிர்ந்து வாடிக் கிடந்தது! யானை ஓரடி உள்ளே வைத்தது.

அடுத்து பன்னீர் ரோஜா. அதன் மணம் அவளுக்கு உயிர். அரசன் குனிந்து முகர்ந்தான். அச்! அச்! அச்! மூன்றாம் தும்மலில் கிரீடம் பறந்துபோய் யானையின் தலையில் உட்கார்ந்தது. யானை மிடுக்காக இன்னும் இரண்டடி வைத்தது.

பிறகு மூன்று நாள் சிலம்பாயி மண்வெட்டியைத் தொடவே இல்லை. அரசன் பின்னாலேயே நடந்தாள். அவன் உச்சிவேளையில்தான் எழுந்தான். மாலை போட்டால் தும்மினான். சந்தனம் பூசினாலும் தும்மினான்.

"செடியைப் பார்க்காம ராஜாவையே பார்க்கிறியே அக்கா, அவரையா நடப்போறே?" என்று சிரித்தான் கொம்பையன்.

நான்காம் நாள் அவள் நட்டது செம்பருத்தி. உச்சிவெயிலில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு சிவப்பாக விரிந்து நின்றது. அரசன் மூக்கை நுழைத்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். யானை ஒரு காலைத் தூக்கியபடி காத்திருந்தது.

தும்மல் வரவில்லை!

"வாசனையே இல்லை! வாசனையே இல்லை!" என்று அரசன் செடியைச் சுற்றிச் சுற்றிக் குதித்தான். யானை தூக்கிய காலைப் பின்னால் வைத்தது.

"இதை முதலிலேயே ஏன் நடவில்லை?"

"முதலில் எனக்குப் பிடித்ததை நட்டேன், மகாராஜா. இது உங்களுக்காக நட்டது."

ஆகவே பிள்ளைகளே, பிறருக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நம் ஆசையைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.