ஆமையின் கடையில் வாங்கிய கேமரா

ஏரி வற்றிக்கொண்டே வந்தது. நடுவில் கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம். கரையோரக் கருவேல மரத்தில் கூடு கட்டியிருந்த மரகதம் என்ற கூழைக்கடாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவளுடைய மகனும் மகளும் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். காற்று திரும்பியதும் கூட்டத்தோடு வலசை போய்விடுவார்கள். மரகதத்துக்கு ஒரு இறக்கையில் பழைய அடி. மரத்துக்கு மரம் பறப்பாள், அவ்வளவுதான். அத்தனை தூரம் அவளால் போகமுடியாது.

"பிள்ளைகள் கிளம்புவதற்குள் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், சாமி. வேறொன்றும் கேட்கமாட்டேன்" என்று தினமும் வேண்டிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் ஒரு ஆமை பழைய கேமராக் கடை வைத்திருந்தது. பறவை பார்க்க வரும் மனிதர்கள் மறந்து விட்டுவிட்டுப் போனதைப் பொறுக்கி, துடைத்து விற்கும். பொத்தானை அமுக்கினால் உடனே படம் வெளியே வந்து விழும் கேமரா ஒன்றை மரகதம் எடுத்துப் பார்த்தாள்.

ஆமை கழுத்தை நீட்டு நீட்டு என்று நீட்டியது.

"எடுத்துட்டுப் போங்கம்மா. புதுசு மாதிரி இருக்கும். ஏதாவது குறைன்னா நான் எங்கே ஓடிப் போகப்போறேன்? ஆமை ஓடுமா?"

மரகதம் சிரித்துவிட்டாள். அலகுப் பையில் இருந்த மீனையெல்லாம் கொட்டிக் கொடுத்துவிட்டு, அதே பையில் கேமராவைப் போட்டுக்கொண்டு கூட்டுக்கு வந்தாள். பிள்ளைகளைக் கிளையில் உட்காரவைத்து அமுக்கினாள். படம் கறுப்பாக விழுந்தது. மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும் கறுப்பு.

"என்னம்மா, ராத்திரியைப் படம் எடுத்தீங்களா?" என்றான் மகன்.

மரகதம் கடைக்குத் திரும்பி ஓடினாள்.

"ஆமையண்ணே, படம் கறுப்பா விழுதே."

சரக்கென்று ஆமையின் தலை ஓட்டுக்குள் போனது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இதுவரைக்கும் யாருமே குறை சொன்னதில்லையேம்மா. வெச்சுட்டுப் போங்க. பாத்துச் சொல்றேன்."

வைத்துவிட்டு வந்தாள். விடிந்ததும் போனாள். வெறும் ஓடுதான் இருந்தது. கூப்பிட்டாள். அலகால் மெல்லத் தட்டினாள். பதில் இல்லை. பாவம், உடம்புக்கு என்னவோ என்றுகூட நினைத்தாள். ஓடிப்போய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள். மறுபடி கடைக்கு வந்தாள். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஆமையின் கழுத்து நீண்டுதான் இருந்தது. யாரோ ஒரு கீரியிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. இவள் கிட்டே வந்து இறங்குவதற்குள் கீரி போய்விட்டது. தலையும் உள்ளே போய்விட்டது.

அன்றைக்கு அவளுக்குத் தூக்கமே இல்லை. காற்றில் ஒரு இலை அசைந்தாலும் எழுந்து பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் கடை வாசலில் அதே கீரி நின்று கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, எல்லாம் கறுப்பா வருது அண்ணே!"

"இதுவரைக்கும் யாருமே குறை சொன்னதில்லையே, தம்பி. வெச்சுட்டுப் போங்க" என்றது ஓடு.

கீரியின் கையில் இருந்ததை மரகதம் உற்றுப் பார்த்தாள்.

"தம்பி, அது என் கேமரா."

"என்னக்கா பேசறீங்க? முட்டை கொடுத்து வாங்கினேன் நான்."

"அந்த வாரைப் பாரு. என் வாயில இருந்த கெண்டைமீன் செதில் ஒட்டியிருக்கு."

கீரி முகர்ந்து பார்த்தது. "அதானா? கேமரா ஏன் கவிச்சி அடிக்குதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன்."

இருவரும் திரும்பி ஓட்டைப் பார்த்தார்கள். கீரி பல்லைக் காட்டியது.

"கடிச்சா உன் பல்லுதான் போகும், தம்பி" என்றாள் மரகதம்.

"பின்னே? சாமி கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா?"

"ஆமா. ஆனா இங்கேயே, கடை வாசல்லயே உக்காருவோம். வர்றவங்களுக்கு நடந்ததைச் சொல்லுவோம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே மகள் வட்டமடித்தாள்.

"அம்மா, காத்து திரும்பிடுச்சு. எல்லாரும் இறக்கையை உதறிட்டு நிக்கிறாங்க. வாங்கம்மா."

"இதோ வந்துட்டேன் கண்ணு." போனால் படம் இல்லை. இங்கேயே இருந்தால் பிள்ளைகளைப் பார்க்கவே முடியாது.

அந்த நேரம் பார்த்து ஒரு மயில் வந்தது. "கேமரா இருக்கா?"

கழுத்து பாய்ந்து வெளியே வந்தது. "வாங்க மயிலண்ணே!"

மயில், வாசலில் இருந்த இருவரையும் பார்த்தது. "இவங்க யாரு?"

மரகதம் எழுந்து நின்றாள். "இவர்கிட்ட ஒரு கேமரா வாங்கினேன். படம் கறுப்பா விழுந்தது. திருப்பிக் கொண்டுவந்து வெச்சேன். பாத்துச் சொல்றேன்னார். அதையே இந்தத் தம்பிக்கு வித்துட்டார்."

"நான் தோகையை விரிக்கிறதே கொஞ்ச நேரம்" என்றது மயில். "அப்போ படம் கறுப்பா விழுந்தா யார்கிட்ட கேக்கிறது? இந்த ஓட்டுக்கிட்டயா?" அது திரும்பி நடந்தது. போகிற வழியெல்லாம் உரக்க அகவிச் சொல்லிக்கொண்டே போனது. ஏரிக்கு அந்தக் கரைவரை கேட்டது.

ஆமை தலையை உள்ளே இழுக்கப் பார்த்தது.

"அண்ணே, மீனைத் திருப்பிக் கேக்கலை" என்றாள் மரகதம். "என் பிள்ளைங்க கிளம்பறாங்க. ஒரே ஒரு தடவை வெளியே இருந்து இதைப் பாருங்க."

பாதி உள்ளே போன தலை அப்படியே நின்றது. ஆமை கீரியிடமிருந்து கேமராவை வாங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் திறக்காமல் சிக்கிக்கிடந்த தகட்டை நகத்தால் கீறியது. ஒரு மணல் பொட்டு உதிர்ந்தது. தகடு சட்டென்று திறந்து மூடியது.

"இதுக்கா ஒளிஞ்சீங்க?" என்றது கீரி. கீரி கேமராவை மரகதத்தின் பக்கம் தள்ளியது. "முதல்ல நீங்க எடுத்துட்டுப் போங்கக்கா. நான் என் பொண்டாட்டியைத்தான் எடுக்கணும். அவ எங்கேயும் போகமாட்டா."

மரகதம் வலியைப் பார்க்காமல் பறந்தாள். கூட்டம் அதற்குள் எழும்பிவிட்டது. கிளையில் இறங்கியதும் இறங்காததுமாக அமுக்கினாள். படம் விழுந்தது.

நிறைய வானம். கூட்டம் முழுவதும் சிறு சிறு புள்ளிகள். ஓரத்தில் மட்டும் ஒரு பெரிய இறகு. அம்மாவைத் தேடித் தாழ்ந்து வந்த மகளின் இறகு அது. மகன் முன்வரிசையில் போய்விட்டான், அவன் ஒரு புள்ளி. எந்தப் புள்ளி என்று மரகதத்துக்குத் தெரியும். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, படத்தை இறக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலிருந்து ஆமை கழுத்தை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தது. யாரும் வரவில்லை.

விற்கும்போது நீட்டிய கழுத்தைக் குறை கேட்கும்போது உள்ளே இழுத்துக்கொள்கிறவர், ஒரு மணல் பொட்டை எடுக்கச் சோம்பிக் கடையையே இழப்பார்.