பச்சையை விரட்டியவன்

“அந்தக் குருவி வரவே இல்லையே, தாயே! வேற எங்கேயாவது போயிடட்டுமா?”

“எங்கே?”

“எங்கேயாவது.”

வந்த நாளிலிருந்து பூவலிங்கம் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த குட்டித் தீவு அது. அங்கே ஒரு ரீங்காரச்சிட்டு உண்டு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

“சிவப்புச் சிட்டு உன் முகத்துக்கு நேரே வந்து நிக்கட்டும். அப்புறம் உபதேசம்” என்று சொல்லி, அவனைப் பூப்புதரின் முன்னால் உட்காரவைத்திருந்தாள் அவனுடைய குரு நாச்சியம்மை.

உட்காருகிற ஆளா அவன்? எழுவான், நடப்பான், கழுத்தைச் சொறிவான், மறுபடி உட்காருவான். இதற்குமுன் எத்தனை ஆசிரமம் ஏறி இறங்கினானோ, அவனுக்கே மறந்துவிட்டது.

“வீட்டுல யாரு இருக்கா?” என்று கேட்டாள் அம்மை.

“சம்சாரம். சௌந்தரம்னு பேரு. எந்நேரமும் பேச்சு, பாத்திரச் சத்தம். கண்ணை மூடினா போதும், காபி வேணுமான்னு வந்து நிப்பா. தியானத்துக்கு ஒரே இடைஞ்சல். சொல்லாம கொள்ளாம வந்துட்டேன்.”

அம்மை வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் அவன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“வந்துச்சு தாயே, சிவப்பு! ஆனா நிக்கலை. பூப்பக்கம் திரும்பக்கூட இல்லை. புதரைச் சுத்திச் சுத்தி வந்துச்சு, கத்துச்சு, போயிருச்சு.”

“பச்சைச் சிட்டு ஒண்ணு அங்கேயே இருக்குமே?”

“அந்தச் சனியனா? விடிஞ்சா போதும், அந்தப் புதர்லயே கெடந்து உயிரை வாங்கிட்டிருந்துச்சு. அது இருந்தா சிவப்பு எப்படி வரும்? நேத்தே கல்லைவிட்டு எறிஞ்சு விரட்டிட்டேன்.”

அன்றும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாச்சியம்மையின் கை நின்றது.

“அது வேற குருவின்னு நெனச்சியா?”

“பின்னே?”

“ஆண் சிவப்பு, பொண்ணு பச்சை. சிவப்பு அந்தப் புதருக்கு வர்றதே அவளைத் தேடித்தான்.”

பூவலிங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுடைய கைகால் ஆடாமல் இருந்தன.

“பச்சை திரும்பி வருமா, தாயே?”

“கல்லெறிஞ்சவன் நீ. என்னைக் கேட்டா?”

அவன் எழுந்து கடல் பக்கம் பார்த்தான்.

“இன்னிக்குப் படகு இருக்கா?”

“எங்கே போக?”

“வீட்டுக்கு. அவ கதவைத் திறப்பாளான்னுதான் தெரியலை.”