பாட்டுக்குள் ஏலம் விட்ட கை

“மொகத்தைக் காட்டத் துப்பில்லாத நீ யாருடா, என் வீட்டுக்காரியைப் பத்திப் பேச?”

சில்வேஸ்திரி கேட்டது டீச்சரை அல்ல, கையிலிருந்த போனை.

டீச்சர் நஸீமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சில்வேஸ்திரி உட்காரவில்லை. தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் இருபத்தைந்து வருஷமாக நின்றபடியே தொண்டை கிழிய ஏலம் கூவி, யாரும் கைதூக்கி விடாமல் தானாக மேலே வந்தவர். கோபம் வந்துவிட்டால் அவரை உட்கார வைக்க அந்த ஊரில் ஆள் கிடையாது.

நஸீமாவுக்கு அவர் வயதில் பாதி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் சின்னக் கடை வைத்திருக்கிறாள். ஆறு மாசத்துக்கு முன்னால் அவர் அங்கே போய், ஒரு பாட்டு வீடியோ பண்ணணும், நீ பண்ணித் தர வேண்டாம், எனக்குச் சொல்லிக் குடு என்று நின்றார். அன்றிலிருந்து அவள் டீச்சர்.

பாட்டு அவரே கட்டியது. மனைவி பனிமேரிக்காக.

கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அவர் குரல் உயர்ந்ததெல்லாம் சண்டைக்குத்தான். அதே தொண்டையால் ஒரு தடவையாவது அவளிடம் வேறு மாதிரி பேசிவிட வேண்டும் என்றிருந்தது அவருக்கு.

கடற்கரையில் அவள் வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருக்க, எதிரே நின்று பாடினார். மச்சினன் போனில் பிடித்தான். நாலு நிமிஷம் இருபது நொடி.

இன்று காலை பூசை முடிந்த கையோடு யூடியூபில் ஏற்றினார். போனைக் கீழே வைப்பதற்குள் முப்பது வாழ்த்து வந்து விழுந்தது. சூப்பர் அண்ணாச்சி. தீயா இருக்கு அண்ணாச்சி. மத்தியானத்துக்குள் அறுபது.

அறுபத்தோராவதாக வந்ததை நஸீமா வாங்கிப் படித்தாள்.

“மூணு நிமிஷம் நாப்பத்தோராவது நொடி. ‘உன்னை யாருக்கும் தரமாட்டேன்’னு வாய் பாடுது. கை ஏலம் விடுது. பாடுறீங்களா, விக்கிறீங்களா?”

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து எண்கள். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வட்டம்.

அவனைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொன்னார் சில்வேஸ்திரி. அது முடியாது என்றாள். மீதிக் கோபத்தையெல்லாம் அவன் பரம்பரை மேல் காட்டினார்.

பிறகு குரல் இறங்கியது. பனிமேரி மணப்பாட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். வேலை முடிந்த வீடியோவை அவள் இன்னும் பார்க்கவில்லை. சாயங்காலம் வருகிறாள். இந்த ஏச்சு கீழே தொங்க அவள் அதைப் பார்க்கக் கூடாது.

“அழிச்சிரலாம் அண்ணாச்சி. எதை? அவர் எழுதினதையா, உங்க பாட்டையா?”



“ரெண்டையும்.”

நஸீமா போனை இடது உள்ளங்கையில் படுக்க வைத்தாள். வலது பெருவிரலை அதன் ஓரத்தில் கொடுத்து, எதையோ திறப்பதுபோல் மெல்ல நெம்பினாள்.

“என்ன டீச்சர் பண்ணுதீங்க?”

“உங்க கூடத்துல மீனை எடுத்து இப்படிப் பண்ணுறவங்களைப் பாத்திருக்கேன். அவங்க யாரு?”

“செவுளைத் தெறந்து பாக்குறவன். சிவப்பு செத்துப் போச்சு, இது நேத்து மீனும்பான். கண்ணு குழி விழுந்துட்டும்பான். நொட்டை சொல்லியே உசிரை வாங்கிருவான். ஆனா வாங்க வந்தவன் அவன்தான்.”

“நல்ல மீனுன்னு சொல்றவங்க?”

“அவன் சொல்லிக்கிட்டே நடந்து போயிருவான். அவனை நம்பி எவன் கூடையை…”

வாய் பாதியில் நின்றது.

போனை வாங்கினார். பாட்டு ஓடி முடியுமுன்னே வந்து விழுந்த முதல் முப்பது வாழ்த்தையும் விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாட்டை ஓடவிட்டார். இதுவரை நூறு தடவை பார்த்திருப்பார். நூறு தடவையும் தன் முகத்தைத்தான் பார்த்தார். இப்போது கையைப் பார்த்தார்.

மூணு நாற்பத்தொண்ணு.

வலது கை தலைக்கு மேல் போனது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பிறகு அங்கே இல்லாத கூட்டத்தைப் பார்த்து, இன்னும் யாராவது உண்டா என்று கேட்பதுபோல் ஒரு வீச்சு.

எதிரே பனிமேரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. கண் ஓரம் ஈரம்.

அவளை அப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கு நினைவு வரவில்லை. பாடிய அன்றும் அதை அவர் பார்க்கவில்லை.

அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நஸீமா தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்து அவர் அந்த அறுபத்தோராவதுக்குக் கீழே ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டத் தொடங்கினார். தட்டியதை வாய்விட்டும் சொன்னார்.

“தம்பியோ தங்கச்சியோ, நீ நல்லா இருக்கணும். இருந்த இடத்துலருந்தே கும்புடுதேன். ஆனா நொட்டை சொல்லிட்டுச் சும்மா போக விடமாட்டேன். அந்த இடத்துல கை எங்க இருக்கணும்? அவ சாயங்காலம் வாறா. அதுக்குள்ள வந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போ.”