குடைக்காரன் வாய்க்காலுக்குப் போன கதை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. கத்திச் சொல்ல எனக்குத் தொண்டை இல்லை, இது கத்திச் சொல்கிற கதையும் இல்லை.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்குன்றம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு ராஜா. ராஜா என்றால் குடை வேண்டும். குடை என்றால் அதைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே? அந்த ஆள்தான் காளத்தி.

வெயிலிலும் குடை, மழையிலும் குடை, நிலா காய்ந்தாலும் குடை. நிழலெல்லாம் ராஜாவுக்கு, வெயிலெல்லாம் காளத்திக்கு. பன்னிரண்டு வருஷமாக அவன் பார்த்தது ராஜாவின் பிடரி ஒன்றைத்தான். அதில் எத்தனை மச்சம் என்று ராணிக்கே தெரியாது. காளத்திக்குத் தெரியும். மூன்று.

சம்பளத்தில் குறை சொல்ல முடியாது. மாதம் பன்னிரண்டு மூட்டை நெல், வாயில் அரண்மனை அரக்கு முத்திரையோடு, வண்டியில் வந்து வாசலில் இறங்கும்.

ஒருநாள் ராஜா ஏரிக்கரையில் நின்றார். பின்னால் குடையோடு காளத்தி. ஏரித் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டு விடுகிற நீர்பாய்ச்சி ஒரு கிழவர். அவர் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினார். தண்ணீர் குடுகுடுவென்று ஓடிப்போய்க் கடைசி வயலைத் தொட்டது. அந்த வயல்காரர் வீட்டில் சின்னக் குழந்தை வரைக்கும் சிரித்துக்கொண்டு வரப்புக்கு ஓடிவந்தது!

'நான் பிடித்த நிழலைப் பார்த்து யாராவது இப்படி ஓடிவந்தார்களா?' என்று நினைத்தான் காளத்தி. குடை லேசாகச் சாய்ந்தது. ராஜா திரும்பி முறைத்தார்.

அந்தக் கிழவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூன்று மாதம் கழித்து வேறு ஆள் வைக்கப்போகிறார்கள். ஆனால் கூலி? அறுவடைக்குக் களத்தில் அளக்கிறதை மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் மூன்றே மூட்டை.

அந்த வேலைக்குப் போக ஆசை என்று காளத்தி பெண்டாட்டி ஆவுடையிடம் சொன்னான். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான், திட்டு வரும் என்று.

திட்டு வரவில்லை. "மூணு மாசம் இருக்குல்ல? என்கிட்ட விடுங்க" என்றாள்.

முதல் மாதம் போயிற்று. காளத்திக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. நெய் கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது. வாரம் தவறாமல் விருந்துக்கு வருகிற மச்சான் சங்கிலியும் குறைந்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான். மாதக் கடைசியில் ஆவுடை உள்ளறையைத் திறந்து காட்டினாள். ஒன்பது மூட்டை, முத்திரை உடையாமல் இருந்தது.

"நீங்க இந்த மாசம் சாப்பிட்டது நீர்பாய்ச்சி கூலிங்க. இளைச்சுட்டீங்களா?"

காளத்தி வயிற்றைத் தடவிப் பார்த்தான். அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

"வயிறு சரின்னு சொல்லிடுச்சு. இனி உடம்பைக் கேக்கணும்" என்றாள்.

இரண்டாம் மாதம் தினமும் விடிகாலையில், அரண்மனைக்குப் போகும் முன்னால், அவனைக் கிழவரிடம் அனுப்பினாள். முதல் நாள் கையில் கொப்புளம். மூன்றாம் நாள் நண்டு கடித்தது. பத்தாம் நாள் பார்த்தால், சேற்றில் நின்றுகொண்டு பாட்டுப் பாடுகிறான்! உடம்பும் சரி என்று சொல்லிவிட்டது.

"இனி மானத்தைக் கேக்கணும். அதுதான் லேசுல பதில் சொல்லாது" என்றாள் ஆவுடை.

மூன்றாம் மாதம் வாய்க்கால் ஓரமாகச் சங்கிலி வந்தான், கூட நாலு பேரோடு.

"என்ன மாப்பிள்ளை, அரண்மனைச் சந்தனம் முழங்கால் வரைக்கும் பூசியிருக்கு!"

நாலு பேரும் சிரித்தார்கள். காளத்திக்கு முகம் சிவந்தது. "சும்மா மச்சான், உடம்புக்கு நல்லதுன்னு வைத்தியர் சொன்னாரு" என்று புளுகிவிட்டான்.

சாயங்காலம் ஆவுடை கேட்டாள்: "வைத்தியர் சொன்னாராமே?"

காளத்தி தலையைக் குனிந்தான்.

"வெட்கப்பட்டுக்கிட்டே ஒரு வேலைக்குப் போகாதீங்க. அதுக்குக் குடையே மேல்" என்று சொல்லிவிட்டு அவள் படுத்துவிட்டாள்.

மறுநாள் காளத்தி காலைக் கழுவவில்லை. வாய்க்காலில் இருந்து அப்படியே சபைக்குப் போனான். பளிங்குத் தரையில் சேற்றுக்கால் தடம் வரிசையாகப் பதிந்தது. மந்திரி மூக்கைப் பொத்திக்கொண்டார். தளபதி கீழே பார்த்தார். ராஜா, "என்னடா இது?" என்றார்.

"நீர்பாய்ச்சியாகப் போகிறேன் மகாராஜா. இது அந்த வேலையின் சேறு" என்றான் காளத்தி, சபை முழுக்கக் கேட்கும்படி.

ராஜாவுக்குப் பொறுக்குமா? குடைக்காரன் மண்வெட்டிக்குப் போனால் அடுத்த தேசத்து ராஜா சிரிக்கமாட்டாரா? "சம்பளம் இரட்டிப்பு! மாதம் இருபத்துநாலு மூட்டை!" என்றார்.

சபை வாயைப் பிளந்தது. காளத்தியும், உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் பிளந்தான். "வீட்டில் ஒரு வார்த்தை கேட்கட்டுமா?" என்றான்.

"கூப்பிடுங்கள் அவளை!"

ஆவுடை வந்தாள். தனியாக வரவில்லை, ஒரு வண்டியோடு வந்தாள். வண்டியில் இருபத்தேழு மூட்டை. ஒன்றில்கூட அரக்கு உடையவில்லை.

"மகாராஜா, மூணு மாசமா நீங்க குடுத்ததுல மிச்சம் இது. இதையே செலவழிக்க எங்களுக்குத் தெரியலை. இரட்டிப்பாக் குடுத்தா வீட்டுல நெல்லு படுத்துக்கும், நாங்க வாசல்லதான் படுக்கணும்."

ராஜா சிரித்தார். மந்திரி சிரித்தார். வண்டி மாடுகூடத் தலையை ஆட்டியது.

"போடா காளத்தி, போ" என்றார் ராஜா. "அந்த நெல்லை மழை பொய்க்கிற வருஷத்துக்கு வைத்துக்கொள். பன்னிரண்டு வருஷம் பிடித்த குடையையும் என் நினைவாக எடுத்துக்கொண்டு போ."

போகும்போது காளத்தி திரும்பி நின்று பார்த்தான். முதல் தடவையாக ராஜாவின் முகத்தை முழுசாகப் பார்த்தான். நல்ல முகமாகத்தான் இருந்தது.

அதனால் நான் சொல்கிறது இது: மனசுக்குப் பிடித்த வேலைக்காகக் கூலியைக் குறைத்துக்கொள்ள நினைத்தால், போவதற்கு முன்னாலேயே அந்தக் கூலியில் வாழ்ந்து பாருங்கள், பயம் தானாக இறங்கிவிடும்.

அந்த வருஷம் முதல் மழை பெய்தபோது காளத்தி தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். சங்கிலியும் வந்திருந்தான், அரண்மனைக் குடையை ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டுமாம். குடை எங்கே என்று இரண்டு பேரும் தேடினார்கள்.

ஆவுடை அதன் காம்பைக் கழற்றிவிட்டு, வெள்ளிக் குஞ்சமும் பட்டு விளிம்புமாக, முற்றத்தில் கவிழ்த்து வைத்து, கோழியையும் பதினொரு குஞ்சையும் அதற்குள் அடைத்திருந்தாள்.