கேட்க வந்தவர் மாடிக்கு, கொடுக்க வந்தவர் கீழே

மூளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கோவில்பட்டியில் நடந்துகொண்டிருந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்த மூவரில் இசக்கிமுத்து கெட்டிக்காரன். மற்ற இருவரும் அப்படிச் சொன்னார்கள், அவனும் நம்பிவிட்டான். வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், அய்யாத்துரை அண்ணாச்சியின் கல்யாண மண்டபத்துக்கு ஒரு வெப்சைட் செய்து அவர் மனசைக் குளிர்விக்க வேண்டும்.

கம்பெனியில் மூத்தவரான கதிரேசன் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் வெப்சைட் வேலையை மூவருக்கும் பிரித்துக் கொடுத்தார்.

"சுடலை, உனக்கு மாடல். விவரத்தைப் பத்திரமா வச்சுக்க. ஆரோக்கியம், உனக்கு வியூ. கொடுத்ததை அழகாக் காட்டு. இசக்கி, நீ கன்ட்ரோலர். எந்தக் கோரிக்கை வந்தாலும் உன்கிட்டதான் வரும். வாங்கி மாடல்கிட்டக் கொடு, அது சொல்ற பதிலை வியூகிட்டக் கொடு. விவரம் கேட்டு வர்றதும் விவரம் கொடுக்க வர்றதும் தனித்தனி வழி, கலந்துராதே. யாரையும் பதில் இல்லாம நிறுத்தாதே. நடுவுல உன் மூளையை நுழைக்காதே."

கடைசி வாக்கியம் இசக்கிக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது.

வெப்சைட் திறந்த அன்றே ஆவணியில் ஒரே முகூர்த்தத்தை இரண்டு குடும்பங்கள் கேட்டன. இசக்கியின் கன்ட்ரோலர் இரண்டையும் வாங்கியது. சுடலையின் மாடல் இரண்டையும் பத்திரப்படுத்தியது. ஆரோக்கியத்தின் வியூ இரண்டு பேருக்கும் ரோஜாப்பூ போட்டு வாழ்த்துச் சொன்னது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

முகூர்த்தத்தன்று காலையில் மண்டப வாசலில் இரண்டு மாப்பிள்ளைக் கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. அண்ணாச்சி போன் போட்டார். மூவரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள்.

"ஏலே, தேதி ஏற்கெனவே வேற ஆளுக்குப் போயிட்டுன்னு நீ பார்க்கலையா?" என்றான் ஆரோக்கியம்.

"பார்த்தா யோசிக்கணும். யோசிச்சா மூளையை நுழைச்ச மாதிரில்லா?" என்றான் இசக்கி. "சுடலைதான் பார்த்திருக்கணும்."

சுடலைக்கு வருத்தமாகிவிட்டது. "பத்திரமா வைன்னுதான் சொன்னாவ. ரெண்டும் பத்திரமாத்தானே இருக்கு?"

இதற்கு மறுப்பே இல்லை என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சொதப்பினால் வேலை போய்விடும் என்று இசக்கிக்குத் தெரியும். கதிரேசன் சொன்ன விதியை நினைவுபடுத்திக்கொண்டு வாசலில் நின்றான். வந்த ஒவ்வொருவரிடமும், "நீங்க பொண்ணு கேட்டு வந்தவங்களா, கொடுக்க வந்தவங்களா?" என்று விசாரித்து வழி பிரித்துவிட்டான். கேட்டவர்கள் மாடிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். கொடுப்பவர்கள் கீழே மேடைக்குப் போனார்கள். ஒருவர்கூடக் கலக்கவில்லை.

மாடியில் இரண்டு மாப்பிள்ளைகள் இலைக்கு முன்னால் மாலையோடு ஒருவரையொருவர் முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கீழே இரண்டு பெண்கள் ஒரே மணையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கே பார்த்துக் கெட்டிமேளம் கொட்டுவது என்று புரியாமல் மேளக்காரர்கள் மாடிப்படியில் நின்றார்கள்.

நல்லவேளை, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் படிக்காதவர்கள். மாப்பிள்ளைகளைக் கீழே இழுத்து வந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தாலி கட்டவைத்துவிட்டார்கள்.

பந்தி முடிந்ததும் அண்ணாச்சி மூவரையும் ஆபீஸ் அறைக்கு வரச்சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் யாருலே பொறுப்பு? அவன் ஒருத்தனை மட்டும் சொல்லுங்க, கம்பெனியில சொல்லி இப்பவே வீட்டுக்கு அனுப்புதேன்."

வந்திருப்பது கோரிக்கை. இசக்கி பணிவாக வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே நின்ற சுடலையிடம் திரும்பினான்.

"பொறுப்பானவன் யாரு?"

சுடலை கண்ணை மூடி நெடுநேரம் தேடினான். "அப்படி ஒரு ஆளு நம்மகிட்ட இல்லியே."

இசக்கி அதை அப்படியே ஆரோக்கியத்திடம் சேர்ப்பித்தான். ஆரோக்கியம் மூலையில் சாய்த்திருந்த, மணமக்கள் பெயர் எழுதிய பலகையைத் துடைத்து, வண்ணச் சாக்பீஸால் சுற்றிலும் பூப்போட்டு, வெப்சைட்டில் வரும் வாசகம் போலவே எழுதி, அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

'நீங்கள் தேடிய நபர் இங்கே இல்லை. முகவரியைச் சரிபார்த்து மீண்டும் வரவும்.'

அண்ணாச்சி இரண்டு தரம் படித்தார். மூன்று முகத்தையும் பார்த்தார். பிறகு தெருவுக்குப் போய், தன் மண்டபத்தின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.