நிற்கும் வண்டிக்கு இன்ஷூரன்ஸ்

வண்டி என்பது ஓடுவதற்காகச் செய்யப்படுவது என்று உலகம் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறது. கோவை மில் முதலாளி மருதாசலம் ஜெர்மனியிலிருந்து இறக்கிய வண்டியே இதற்குச் சான்று. அதற்குள் படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் இருந்தன. இன்ஷூரன்ஸ் மட்டும் இல்லை.

“கம்பெனிக்காரன் கேக்கறதுல பாதிக்கு முடிச்சுட்டு வா. இல்லீன்னா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணு,” என்றார் டிரைவர் துரைக்கண்ணுவிடம்.

அவர் சொல்லி, இன்ஷூரன்ஸ் இல்லாத லாரியை ஓட்டிய பழைய டிரைவர், ஒருவர் அடிபட்டுச் செத்ததால் ஜெயிலில் இருந்தான். அவன் சாவியைத் திருடிவிட்டதாகச் சாட்சி சொன்னவர் முதலாளி.

துரைக்கண்ணு பாதிக்கும் குறைவாகவே முடித்து வந்தான்.

வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை. விருந்தினர்களோடு இன்ஷூரன்ஸ் மேனேஜரும் வந்திருந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த பூசாரி, பழத்தோடு நிமிர்ந்தார். பூத்தோரணத்துக்குப் பின்னால் வண்டி செங்கல் அடுக்கின்மேல் நின்றது.

“டயர் எங்கடா?” என்று துரைக்கண்ணுவைப் பார்த்துக் கத்தினார் முதலாளி.

“கழட்டிட்டேனுங்க. நிக்கற வண்டிக்குத்தானுங்க அந்த வெலை. ஓட்டி யாராச்சும் செத்தா, நானும் சாவி திருடுனவன் ஆயிருவேனுங்க.”

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். “ஓட்டப் போறீங்களா சார்?”

“சேச்சே! நான்தான் கழட்டச் சொன்னேன்.”

அன்று மாலை குவார்ட்டர்ஸில் துரைக்கண்ணுவின் மனைவி அந்த எலுமிச்சம்பழங்களை ஊறுகாய் போட்டாள்.