மனசறிந்து நிறம் மாறும் ஆப்

"ஆப்பைத் திறந்தா அவங்கவங்க மனசுக்கேத்த நிறம் வரணும். யாரையும் கேக்கக் கூடாது. திங்கக்கிழமை முடியலேன்னா வீட்டுக்குப் போயிடு" என்றார் முதலாளி சிங்காரவேலர். புரோகிராமர் இசக்கிமுத்து தலையை ஆட்டினான், வேறென்னத்தை ஆட்டுவான்?

திங்கட்கிழமை, கம்பெனியில் பணம் போட வந்த பெரியவர் முன்னால் முதலாளியின் போன் பொன்னாய் ஜொலித்தது. ஊழியர்கள் நாற்பது பேர் போனும் கரிச்சட்டியாய்க் கறுத்துக் கிடந்தது.

"கெட்டுப்போச்சாப்பா?" என்றார் பெரியவர்.

"இல்லீங்கய்யா. கடைசியா எப்ப லீவு எடுத்தாங்கன்னு வருகைப் பதிவுல பாத்து நிறம் போடும். முதலாளி நேத்துதான் கொடைக்கானல்லேருந்து வந்தாரு. நாங்க தீபாவளிக்கும் இங்கதான்" என்றான் இசக்கிமுத்து.

பெரியவர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

மறுநாள் லீவு வரவில்லை, உத்தரவு வந்தது: "எல்லாருக்கும் பொன்னிறமே வை."

வைத்தான். அன்றிலிருந்து வாடிய முகம் நாற்பதிலும் பொன் வெளிச்சம்தான்.